பொற்கொல்லரும் சர்க்கார் முத்திரையும்

கார்த்திகை தீபம் கழிந்து தை பிறந்துவிட்டால் நமது திருவண்ணாமலையில் கல்யாணப் பேச்சுக்குக் குறைவிராது. முன்பெல்லாம் பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் நல்ல நாள் பார்த்து, தமக்குப் பரம்பரையாக வேலை செய்யும் பத்தர் வீட்டுத் திண்ணைக்குப் போவார்கள். பொன்னைத் தங்கள் கண் முன்பே நிறுத்துக் கொடுப்பார்கள். இன்று அவர்கள் போகுமிடம் கண்ணாடிச் சுவரும் பகல் போன்ற விளக்குமுள்ள பெரிய கடை. அதைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. வாங்குகிறவர் தமக்கு இஷ்டமான இடத்தில் வாங்குவது அவர் உரிமை. ஆனால், சமீபத்தில் நம்மைத் தேடி வந்த எழுபது வயதுப் பத்தர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கும் சர்க்காருக்கும் இருக்கிறது. "நகையிலே சர்க்கார் முத்திரை இருக்கு, ஐயா, கடைக்காரர் பேர் ரசீதிலே இருக்கு. செஞ்சவன் பேர் எங்கே இருக்கு?" என்றார் அவர்.

ஒரு கைத்தொழிலைச் செய்கிறவனிடம் சர்க்கார் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதே இக்கேள்வியினடியில் கிடக்கும் விஷயம். நமது அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) ஷரத்து, பிரஜைகள் ஒவ்வொருவருக்கும் எத்தொழிலையும் எவ்வியாபாரத்தையும் நடத்தும் உரிமையை அளித்திருக்கிறது. 19(6) ஷரத்து அவ்வுரிமைக்குப் பொதுஜன நன்மையைக் கருதி நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்க இடங்கொடுக்கிறது. ஒரு தொழிலுக்கு வேண்டிய தேர்ச்சி இன்னதென்று சட்டம் வகுக்கலாம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே, "உனக்கு இவ்வேலை தெரியுமா?" என்று சர்க்கார் கேட்பது முறையே. "நீ இவ்வேலையைச் செய்வது தேசத்துக்குத் தேவையா?" என்று கேட்கத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு நாம் வேறு தேசத்துச் சரித்திரத்தைப் புரட்டவேண்டிய அவசியமில்லை. நம்மைத் தேடி வந்த பத்தருக்கு எட்டு வயதாயிருக்கும்போது அது அவர் வீட்டிலேயே நடந்தது.

1962-ஆம் வருஷத்தின் இறுதியில் சீன யுத்தம் நடந்தது. தேசம் அழைத்தபோது நமது பெண்மக்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றித் தேசப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். அந்தத் தியாகத்தை மறப்பவன் இந்தியனல்லன். ஆனால் அதே சமயத்தில் அன்னியச் செலாவணி குறைந்ததென்றும், கள்ளத்தனமாகப் பொன் வந்து குவிகிறதென்றும் கண்ட மத்திய சர்க்கார், 1963 ஜனவரியில், தேசப் பாதுகாப்பு விதிகளின் கீழ்த் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைப் பிறப்பித்தது. அப்போதைய நிதிமந்திரி ஸ்ரீ மொரார்ஜி தேசாய். இனிமேல் 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய ஆபரணம் எதுவும் செய்யலாகாது என்பதே அவ்விதிகளில் ஏழைகள் தலையில் விழுந்த இடி.

14 காரட்டு என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பங்கு பொன், மீதி வேறு உலோகம். நூற்றுக்கு 91 பங்குக்குமேல் பொன்னிருக்கும் 22 காரட்டில் பழகிய கைக்கு அது வேறொரு உலோகம் போலவே இருந்தது. நிறம் வேறு, கடினம் வேறு, பற்றவைக்கும் முறையும் வேறு. அதைவிட முக்கியமானது, அந்த மாற்றில் செய்த தாலியைக் கட்டிக்கொள்ள எந்தப் பெண் வீட்டாரும் சம்மதிக்கவில்லை. வாங்குவோர் வாங்காமல் இருந்துவிட்டார்கள், அவர்களுக்கு நஷ்டமொன்றுமில்லை. வியாபாரி கடையை மூடிவிட்டு வேறு வியாபாரம் பார்த்தான். கள்ளக் கடத்தல்காரனோ எந்த உத்தியோகஸ்தரிடமும் அனுமதி கேட்டு வருபவனல்லன். அவன் தன் தொழிலைத் தடையின்றி நடத்தினான். மூசையும் ஊதுகுழலும் கம்பியச்சுமே ஆஸ்தியாகக் கொண்ட பத்தருக்குத்தான் அடுப்பு அணைந்தது. பட்டறை அடுப்பு அணைந்தபின் வீட்டு அடுப்பு எத்தனை நாள் எரியும்? தேசமெங்கும் பொற்கொல்லர் பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். சர்க்கார் கடனும் வேறு தொழிலுக்குப் பயிற்சியும் அளிக்க முன்வந்தது மெய்யே. நாற்பது வயதில், குன்றிமணியளவு பொன்னில் பூ வேலை செய்யக் கற்றவனை வேறொரு வேலைக்குப் போ என்று சொல்வது எளிது.

அவ்வருஷம் ஆகஸ்டில், காமராஜர் திட்டத்தின்படி ஸ்ரீ தேசாய் பதவி விலகினார். அவருக்குப் பின் நிதிமந்திரியான ஸ்ரீ டி. டி. கிருஷ்ணமாச்சாரி காலத்தில், சொந்தமாகத் தொழில் நடத்தும் பத்தர்கள் வாடிக்கைக்காரரின் பழைய நகையை உருக்கி உயர்ந்த மாற்றிலேயே செய்து கொடுக்கலாம் என்று விதி தளர்ந்தது. 14 காரட்டு விதி 1966-இல் ஒழிந்தது. கட்டுப்பாடு ஒழியவில்லை, 1968-இல் அது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற நிரந்தர உருவை எடுத்தது. வியாபாரிக்கு லைசென்சு, பொற்கொல்லருக்கு அத்தாட்சிப் பத்திரம், கையிருப்புக்கு எல்லை, கணக்குப் புத்தகம், சோதனை என்று ஒரு பெரும் வலை பின்னப்பட்டது.

அச்சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஹரக்சந்த் ரத்தன்சந்த் பாந்தியா வழக்கில் 1969-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பைக் கைத்தொழில் விஷயமாகச் சட்டமியற்றுவோர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும் என்பது வக்கீல் தொழிலும் செய்துவரும் நமது அபிப்பிராயம். பொன் வியாபாரத்தை ஒழுங்கு செய்யச் சர்க்காருக்கு அதிகாரமே இல்லை என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அதிகாரம் உண்டென்றே ஒப்புக்கொண்டார்கள். ஆனால், லைசென்சு கொடுப்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் உத்தியோகஸ்தர் எவற்றைக் கருதவேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது? அந்தப் 'பிரதேசத்தில்' எத்தனை வியாபாரிகள் இருக்கிறார்கள், எதிர்பார்க்கப்படும் தேவை எவ்வளவு, மனுதாரர் 'தகுதியானவரா', 'பொதுநலன்' என்ன சொல்கிறது என்பவையே அவை. பிரதேசம் என்றால் தெருவா, தாலுகாவா, ஜில்லாவா? வரப்போகும் தேவையை எந்தக் கோலால் அளப்பது? தகுதி என்றால் யாருக்கு எதில் தகுதி? இவ்வார்த்தைகளுக்கு எல்லையே இல்லை என்றும், எல்லையில்லாத வார்த்தைகளை ஓர் உத்தியோகஸ்தர் கையில் கொடுத்து ஒருவனுடைய ஜீவனத்தை அவர் இஷ்டத்துக்கு விடுவது நியாயமான கட்டுப்பாடாகாது என்றும் கோர்ட்டார் தீர்த்து, அப்பகுதியையும் வேறு சில பிரிவுகளையும் செல்லாதவை என்று தள்ளினார்கள். பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி மறுபடியும் நிறுத்திற்று. கடைசியில் 1990-இல், ஸ்ரீ மது தண்டவதே நிதிமந்திரியாக இருந்தபோது, சட்டம் முழுவதுமே ரத்தாயிற்று. இருபத்தேழு வருஷ காலம் நடந்த பரீட்சை அது. கள்ளக் கடத்தலை அது ஒழித்ததாக அதை இயற்றியவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

பழைய காலத்து மன்னர்கள் கைத்தொழிலாளரிடம் வரியே வாங்கவில்லை என்று பெருமை பேசுவோர் உண்டு. அது உண்மையல்ல. தறிக்கு ஒரு இறை, செக்குக்கு ஒரு இறை, தட்டாருக்குத் தட்டாரப்பாட்டம் என்று நமது சாசனங்களிலும் செப்பேடுகளிலும் பட்டியலே இருக்கிறது. எனினும், பொன்னின் மாற்றைப் பார்ப்பதை ஒரு தனி வேலையாக வைக்கும் வழக்கம் நம்மிடம் தொன்றுதொட்டு உண்டு. சங்கப் புலவர் சிலருடைய பெயரோடு சேர்ந்து வரும் 'வண்ணக்கன்' என்ற சொல், பொன்னையும் நாணயத்தையும் நோட்டம் பார்ப்பவனைக் குறிப்பது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் கொடுத்த பொற்பாத்திரங்களும் ஆபரணங்களும் 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரிட்ட கல்லால் நிறுக்கப்பட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. செய்கிறவன் ஒருவன், சோதிப்பவன் வேறொருவன், நிறைகல் பொது. இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை இன்றைய சட்ட நிபுணர்களும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகையால்தான் 2021 ஜூன் 16-ஆம் தேதி முதல், முதற்கட்டமாக 256 ஜில்லாக்களில், நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்பட்டதை நாம் எதிர்க்கவில்லை. வரவேற்கவே செய்கிறோம். அடுத்தடுத்த வருஷங்களில் மேலும் பல ஜில்லாக்கள் சேர்க்கப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல், எழுத்தும் இலக்கமுமாக ஆறு குறிகள் கொண்ட தனி எண் பொறிக்கப்படாத ஹால்மார்க் நகையை விற்கலாகாது என்றும் விதி வந்தது. இருபத்திரண்டு காரட்டு என்று விலை வாங்கிக்கொண்டு அதற்குக் குறைந்ததைக் கொடுப்பவர்கள் நமது நாட்டில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களில் கடைக்காரரும் உண்டு, பத்தரும் உண்டு. ஆயினும் பழி என்னவோ எப்போதும் பத்தர் தலையில்தான். தாயின் பொன்னிலும் கொஞ்சம் எடுப்பான் என்று ஒரு பழமொழியைக் கட்டி அவர் கழுத்தில் மாட்டிவிட்டோம். கோவலன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பொற்கொல்லன் என்றதும் பாண்டியன் அரண்மனைக்காரன் ஒருவனே நினைவுக்கு வருகிறான். இந்தப் பழியைத் துடைப்பதற்கு நடுநிலையான சோதனையைவிட நல்ல சாதனம் கிடையாது. யோக்கியமான பத்தர் எவரும் சோதனைக்கு அஞ்சமாட்டார்.

குறை எங்கேயென்றால், சோதனை பொன்னோடு நிற்காமல் மனிதனை வகை பிரிப்பதில் இறங்கியதில்தான் இருக்கிறது. முத்திரையிடும் நிலையங்கள், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்துகொண்ட நகை வியாபாரிகள் கொண்டுவரும் உருப்படிகளுக்கே முத்திரையிடுகின்றன. வருஷத்துக்கு 40 லட்ச ரூபாய்க்குள் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்று 2021-இல் விலக்கு அளித்தார்கள். கடைகளுக்காகக் கூலிக்கு வேலை செய்து கொடுத்து, தாம் நேரே விற்பனை செய்யாத தொழிலாளருக்கும் பதிவு வேண்டியதில்லை. கேட்பதற்கு இது கருணையாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுவிதமாக இருக்கிறது.

2021 ஜூன் மாதத்தில் சவரன் ஏறத்தாழ 36,000 ரூபாய் விற்றது. அந்த விலையில் 40 லட்சம் என்பது சுமார் 110 சவரன். 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டிற்று. அந்த விலையில் அதே 40 லட்சம் 44 சவரன்தான். மாதத்துக்கு நான்கு சவரன்கூட இல்லை. பத்தர் ஒரு நகைகூட அதிகமாகச் செய்யவில்லை; அவர் வருமானம் கூடவில்லை; விலை ஏறியதால் வேலை குறைந்திருக்கவும் கூடும். ஆனாலும், பார்லிமெண்டில் ஒருவர் கையைத் தூக்காமலே, கெஜட்டில் ஒரு வரி அச்சாகாமலே, சட்டம் அவரைச் 'சிறியவர்' வரிசையிலிருந்து 'பெரியவர்' வரிசைக்குத் தள்ளிவிட்டது. வாடிக்கைக்காரர் கொடுத்த பொன்னில் வேலை செய்பவருக்குக் கூலி மட்டுமே கணக்கு. தாமே பொன் வாங்கி நான்கு மோதிரமும் இரண்டு தோடும் செய்து வைத்து விற்கத் துணிந்தவருக்குப் பொன்னின் விலை முழுவதும் விற்றுமுதலாகிறது. சொந்தக்காலில் நிற்க முயல்பவருக்கே இந்தத் தண்டனை! விலக்கின் எல்லையை ரூபாயில் வைத்ததே பிசகு. சரக்கு பொன்னாயிருக்கும்போது எல்லையைக் கிராமில் வைத்திருக்க வேண்டும்.

இனி, எல்லைக்குள் இருக்கும் பத்தரின் நிலையைப் பார்ப்போம். முத்திரை அவருக்குக் கட்டாயமில்லை. ஆனால் பதிவு இல்லாமல் அவர் விரும்பினாலும் முத்திரை கிடைக்காது. ஹால்மார்க் இல்லாத நகையை வாங்காதீர்கள் என்று சர்க்காரே ஜனங்களுக்குப் பத்திரிகைகளிலும் வானொலியிலும் உபதேசம் செய்கிறது. உபதேசம் கேட்ட ஜனங்கள் அவருடைய திண்ணையைத் தாண்டிப் போகிறார்கள். சட்டம் கொடுத்த விலக்கு சந்தையில் விலங்காகிவிட்டது. 2022-இல் ஓர் உருப்படிக்கு 45 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள்; கொண்டுவருவது ஒன்றிரண்டானாலும் குறைந்தபட்சம் 200 ரூபாய். ஒரு கூடை நிறைய நகை அனுப்புகிற கடைக்கு இது ஒரு பொருட்டல்ல. ஒரு ஜோடி தோடு செய்து கொண்டுபோகிறவருக்கு அவ்வாறில்லை. போக வரப் பஸ் சத்தமும் ஒருநாள் வேலையும் தனி.

எஞ்சியவர் கூலிக்கு வேலை செய்யும் பத்தர். அவர் பதிவிலும் இல்லை, நகையிலும் இல்லை. 2021 ஜூலை முதல் நகையில் பொறிக்கப்படுவன அமைவனத்தின் சின்னம், மாற்று, தனி எண் ஆகிய மூன்றே. 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் பதிவு பெற்ற வியாபாரியும், முத்திரையிட்ட நிலையமும், உருப்படியின் வகையும், மாற்றும் தெரியவருகின்றன. செய்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை. நமது இராஜகோபுரத்தை எழுப்பத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர், முடித்தவர் தஞ்சை சேவப்ப நாயக்கர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். கட்டிய சிற்பியர் பெயரைக் கேட்டால் பெரியவர்களும் விழிக்கிறோம். கல்லில் செய்த அந்தத் தவற்றைக் கணினியிலும் செய்யவேண்டுமா?

ஹால்மார்க் என்ற சொல்லே லண்டன் நகரத்துப் பொற்கொல்லர் சங்கத்தின் மாளிகையிலிருந்து பிறந்தது. 1300-இல் முதலாம் எட்வர்டு மன்னன் காலத்துச் சட்டம் பொன் வெள்ளிக்கு மாற்று நிர்ணயித்தது. 1363-இல் ஒவ்வொரு தொழிலாளியும் தனக்கென்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு தன் வேலையில் அதைப் பொறிக்கவேண்டும் என்று விதித்தார்கள். அந்த அடையாளம் இன்றளவும் அங்கே முத்திரையின் அங்கமாக இருந்துவருகிறது. சோதனைக்குக் கொடுப்பவர் தம் அடையாளத்தைப் பதிந்துகொள்ளலாம்; அது கையெழுத்துப் போன்றது, அனுமதிச் சீட்டல்ல. பதிவுக்கும் லைசென்சுக்கும் உள்ள பேதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேட்டவர் பெயரை எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர் பதிவாளர். கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் அதிகாரம் படைத்தவர் லைசென்சு கொடுப்பவர். முன்னதற்கு நாம் விரோதிகளல்லர்.

லைசென்சே எத்தொழிலுக்கும் கூடாது என்று நாம் வாதிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். தீபத் திருவிழாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் நெருங்கி நிற்கும் வீதியில் பந்தலுக்கு மின்சாரக் கம்பி இழுப்பவருக்குத் தேர்ச்சிச் சான்று இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்பது முற்றிலும் சரி. அவர் செய்த தவறு தெரியவரும்போது உயிர் போயிருக்கும். வைத்தியரும் கொதிகலன் ஓட்டுபவரும் அப்படியே. வேலை முடிந்தபின் சோதித்துப் பயனில்லாத தொழிலில் ஆளை முன்பே சோதிக்கவேண்டும். நகையோ விற்பதற்கு முன் சில நிமிஷங்களில் சோதிக்கத் தக்கது. தவறினால் நஷ்டத்தைப் பணமாகத் திருப்பிக் கொடுக்கவும் தக்கது. கைத்தொழிலுக்குக் கடுமையான பரீட்சை வைப்பதில் பேர்போன ஜெர்மனி தேசம்கூட 2004-இல் 53 தொழில்களில் தனிக்கடை வைக்க மேஸ்திரிப் பட்டம் வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியபோது பொற்கொல்லர் தொழிலையும் விடுவித்தது. 2020-இல் மறுயோசனை செய்து 12 தொழில்களுக்கு அக்கட்டாயத்தைத் திரும்ப விதித்தார்கள்; பொற்கொல்லரை அதில் சேர்க்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவைப்போம். 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் 18 தொழில்களுக்கு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கிற்று. அது பரம்பரைத் தொழிலையே வற்புறுத்துகிறது என்று ஆட்சேபித்த தமிழ்நாட்டு அரசாங்கம் 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கிற்று. தகப்பன் தொழில் என்பதற்காக ஒருவன் அதிலேயே கட்டுண்டு கிடக்கவேண்டியதில்லை என்பது நமது உறுதியான கொள்கை. அதேபோல், தகப்பன் தொழில் அல்ல என்பதற்காக ஒருவனை அதிலிருந்து விலக்கவும் கூடாது. இரு சர்க்கார்களும் கொடுப்பது உதவியே, அனுமதியல்ல. ஆனால் உதவிக்காக எழுதிய ஜாபிதா, நாளடைவில் அதில் பெயரில்லாதவன் தொழிலாளியே அல்லன் என்று சாதிக்கும் ஜாபிதாவாக மாறாதபடி இப்போதே கவனித்துக்கொள்ள வேண்டும்.

நமது கோரிக்கை பெரிதல்ல. முத்திரை நிலையத்தின் கதவு, கட்டணத்தைச் செலுத்தி ஓர் உருப்படியைக் கொண்டுவரும் எந்தப் பொற்கொல்லருக்கும் திறக்கவேண்டும். தம் பெயரையும் அடையாளத்தையும் எழுதிக்கொடுக்கச் சொல்லட்டும், விற்றுமுதலைக் கேட்கவேண்டாம். குறைந்தபட்சக் கட்டணத்தை ஒற்றை உருப்படிக்காரருக்குத் தள்ளிவிட வேண்டும். கட்டாயத்துக்கு விலக்கு வைப்பதாயின் பொன்னின் எடையில் வைக்கவேண்டும். ஆறு குறி எண்ணுக்குப் பின்னால் வியாபாரி பெயர் வரும் இடத்தில், அடுத்த வரியாகச் செய்தவர் பெயரும் ஊரும் வரவேண்டும். கடைக்காரர் எழுதிக்கொடுக்க மறுத்தால் முத்திரை இல்லை என்று விதிக்கவேண்டும். இதற்குப் புதிய இலாகாவோ, புதிய உத்தியோகஸ்தரோ தேவையில்லை. திருவண்ணாமலைத் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் அடுத்த கூட்டத்தில் இதைக் கேள்வியாகக் கேட்டு, மந்திரியிடமிருந்து எழுத்து மூலமான பதிலைப் பெற்றுத் தரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அந்தப் பதிலை, அது எப்படி இருந்தபோதிலும், இதே பத்தியில் வெளியிடுவோம்.